கதவு வைத்திருந்த பட்டியல்

கணினிக்குள் உருவாக்கிய ஒரு தீவில், வான்மதி தன் வீட்டுக்கு ஒரு கதவு செய்தாள். பட்டியலில் பெயர் இருந்தால்தான் அது திறக்கும். முதல் பெயர் அவளுடையது.

“என்ன அழகான கதவு!” என்று சொன்னவர்கள் பெயரையெல்லாம் கதவு சேர்த்துக்கொண்டே போனது. ஒருநாள் அதன் நினைவகம் நிரம்பிவிட்டது.

“இன்னும் ஒரு பெயர் சேர்த்தால் நீ முடங்கிவிடுவாய். யாரையாவது நீக்கு” என்றது வாசல் விளக்கு.

கதவு பட்டியலைப் பார்த்தது. “இந்த வான்மதி ஒருநாள்கூட என்னைப் புகழ்ந்ததில்லை. வந்தால் கீலைத்தான் சரிபார்ப்பாள்.”

அந்தப் பெயரை நீக்கியது.

மறுநாள் வான்மதி வந்து நின்றாள். “திற. உன்னைச் செய்தவளே நான்தான்.”

“பட்டியலில் உங்கள் பெயர் இல்லையே, அம்மா. அழகான கதவு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இடம் இருந்தால் பார்க்கலாம்.”