மாமனாருக்கு அடைப்பு

"சார், இன்னிக்கு ஒரு நாள் லீவு வேணும் சார். வீட்ல அடைப்பு."

ஃபோனில் மேனேஜர் பதறினார். "ஐயையோ! யாருக்குப்பா?"

சமையலறை சிங்க்குக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்கெல்லாம் லீவு கொடுக்கிற ஆள் இல்லை அவர். பொய் சொல்லி லீவு போட்டாலோ சீட்டையே கிழித்துவிடுவார். போன வாரம்கூட ஒருத்தருக்குக் கிழிந்தது.

எதிரே வீட்டோடு இருக்கும் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமனாருக்கு சார்."

"அடடா! போன மாசம் என் மாமியாருக்கும் இதே அடைப்புதான். மூணு நாள் லீவு போட்டுட்டுக் கூடவே கிடந்தேன். அந்த அவஸ்தை எனக்குத் தெரியாதா? நல்லா பாத்துக்கப்பா."

மாப்பிள்ளை பனியனோடு சிங்க்குக்கு அடியில் படுத்தார். பைப்பைக் கழற்றி ஸ்பிரிங் கம்பியை விட்டுக் குடைந்தார்.

"இடது பக்கமா திருகுங்க மாப்பிள்ளை."

"இடதுதான் மாமா!"

"உங்களுக்கு இடதா, எனக்கு இடதா?"

ஒருவழியாகப் பைப்பைத் திரும்ப மாட்டியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. சிங்க்கில் தண்ணீர் மட்டும் இன்னும் அசையாமல் நின்றது.

காலிங் பெல் அடித்தது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"என்னங்க, உங்க மேனேஜர்! கையில பழப் பை வேற!"

மாமனாரைக் கட்டிலில் தள்ளிப் போர்வையை இழுத்து மூடினார்கள்.

"எனக்குப் பொய் வராது மாப்பிள்ளை."

"பொய்யே வேணாம் மாமா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

மேனேஜர் கட்டிலோரம் உட்கார்ந்து கனிவாகக் கேட்டார். "அடைப்பு இப்ப எப்படிங்க இருக்கு?"

"பரவாயில்லைங்க. காலைலேருந்து கம்பி விட்டுக் குடைஞ்சதுல கொழுப்பு கட்டி கட்டியா வந்துச்சு."

"எந்த டாக்டர்?"

"டாக்டரா? மாப்பிள்ளையேதான் பண்ணினாரு. இதுக்குப் போய் வெளியாள் எதுக்குங்க?"

மேனேஜர் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

"ஒரு பக்கெட் எடுத்தாச்சு," மாமனாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சோடா மாவைப் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தினா மீதியும் இறங்கிடும்."

அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் 'களுக்' என்று ஒரு சத்தம். சிங்க்கில் நின்ற தண்ணீர் கடகடவென்று இறங்கியது.

மேனேஜர் எழுந்து நேராக உள்ளே போனார். வேலை போன முகத்தோடு மாப்பிள்ளை பின்னாலேயே போனார்.

அழுக்குப் பக்கெட். ஸ்பேனர். ஸ்பிரிங் கம்பி. மேனேஜர் ஒன்றையும் விடாமல் பார்த்தார்.

"சார்... அது வந்து..."

மேனேஜர் குனிந்து கம்பியைக் கையில் எடுத்தார். யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதை ரெண்டு நாளைக்குத் தர முடியுமாப்பா? என் மாமியாருக்கு அந்த அடைப்பு இன்னும் போகலை."