கரையில் ஒருத்தி

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் இரும்புத்தாது ஏற்றிப் போகும் அந்தக் கப்பலில் ஒரு காலத்தில் முப்பது பேர் இருந்தார்கள். பிறகு இருபது, பிறகு ஒன்பது. இப்போது தூத்துக்குடி சந்தியாகு மட்டும்தான். கப்பல் தானே ஓடியது, சரக்கையும் தானே இறக்கியது. துறைமுகக் கால்வாய்க்குள் நுழையும்போது மேல்தளத்தில் நின்று கரையைப் பார்த்துக் கையசைப்பது சந்தியாகுவின் வேலை. ஆளில்லாத கப்பலைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்து அழுததால் உண்டான பதவி அது.

நாளடைவில் கரையில் கூட்டம் குறைந்தது. சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண் மட்டும் ஆறு வருடமாகத் தவறாமல் வந்து பதிலுக்குக் கையசைத்தாள். கால்வாய் வரும் நாளில் சந்தியாகு சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தான்.

ஊரில் இருக்கும் மனைவி ரெஜினாளிடம் இதை அவனே உளறிவிட்டான். அவள் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் போன் வந்தது.

"அந்தத் துறைமுகத்துக்கே எழுதிக் கேட்டுட்டேன். கப்பல்ல ஒத்தையில வாற ஆளு மனசு ஒடஞ்சு போயிரக் கூடாதுன்னு அவளை அவுகதான் வேலைக்கு வச்சிருக்காகளாம்."

"அப்படியா?"

"சம்பளத்துக்குத்தான கை காட்டுதா! நான்கூட என்னமோன்னு நெனச்சிட்டேன்."

ரெஜினாள் நிம்மதியாகப் போனை வைத்தாள். சந்தியாகுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.