மற்றும் பலர்

அவளுடைய இருபத்திரண்டு வயதுக் குரல் நானூற்றைம்பது ரூபாய்.

அட்டை கிழிந்த இடத்தில் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. அதற்குத் தனியாகக் காசில்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. காலை பத்து மணி வெயில். மிக்சி ஜாருக்கு மூடி தேடி வந்த இடத்தில், பழைய இசைத்தட்டுகளுக்கு நடுவே அது சாய்ந்து நின்றது. உருவிக் கையில் எடுத்துவிட்டாள். சந்தையில் கையில் எடுத்துவிட்டால் பாதி தோற்றாயிற்று. அவளுக்கு அது தெரியும். இருந்தும் எடுத்தாள்.

அட்டையில் கோட்டும் போ டையுமாகப் பதினொரு ஆண்கள். மைக்கைக் காதலியின் முகவாய்போல் தாங்கிப் பிடித்திருந்தார்கள். கடல் தாண்டிய ஊர்களின் நைட் கிளப்புகளில் குழைந்து பாடிப் பேர் வாங்கியவர்கள். ஒவ்வொரு பெயரும் தங்க எழுத்தில்.

கீழே, சின்னதாக: மற்றும் பலர்.

பாட்டுகள் பன்னிரண்டு.

ஆகவே பலர் என்பது ஒருத்தி.

பன்னிரண்டாவது பாட்டின் அசல் பதிவுக்கு உரிமை கிடைக்கவில்லை. மெட்ராஸ் ஓட்டல் ஒன்றில் டின்னர் நேரத்துக்குப் பாடிக்கொண்டிருந்த பெண்ணை இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் ஒரு மத்தியானம் காரில் ஏற்றிப் போனார்கள். அன்று அவளுக்குச் சளி. ஒரே டேக். கையில் எழுபத்தைந்து ரூபாயும் ஒரு மட்டன் கட்லெட்டும்.

அடுத்த மாதம் கல்யாணம். ஓட்டல் பாட்டு கூடாது என்றது புகுந்த வீடு.

கம்பெனி அவளுக்கு ஒரு தட்டுகூடக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் போட்டுக் கேட்க வீட்டில் பிளேயர் இல்லை. பிளேயர் இருந்தது நாத்தனார் வாழ்க்கைப்பட்ட வீட்டில். அங்கே போய்க் கேட்கத் தன்மானம் விடவில்லை.

“என்ன அண்ணி, அதையா எடுத்தீங்க?”

கூட வந்திருந்த நாத்தனார் ரெஜினா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“அதெல்லாம் யாரு கேட்டா?”

நாற்பத்தாறு வருடமாக இதே கேள்வி. கிறிஸ்துமஸ் விருந்தில். ஞானஸ்நான வீட்டில். ஒருமுறை சாவு வீட்டில்கூட.



கடைக்காரர் சிக்கந்தர் பாய் தட்டை உறையிலிருந்து எடுத்து வெயிலுக்குச் சாய்த்தார். பழைய தட்டு விற்பவர்கள் போட்டுப் பார்ப்பதில்லை. கண்ணாலேயே கேட்டுவிடுவார்கள். அதிகம் ஓடிய இடம் கறுப்புப் போய்ச் சாம்பலாக வெளுத்திருக்கும். அந்த வெளுப்புக்கு ஏற்ப விலை இறங்கும்.

“மறைச்சு விக்கமாட்டேன்மா. தட்டு பூரா கண்ணாடி மாதிரி இருக்கு. கடைசிப் பாட்டு மட்டும் தேஞ்சு கெடக்கு. எந்தப் புண்ணியவானோ போட்டுப் போட்டு உசுரை எடுத்திருக்கான். நூறு ரூபா கொறைச்சுக் குடுங்க.”

ரெஜினா எதிர்க்கடைப் புறாக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி தட்டை வாங்கி, தானும் இரண்டு பக்கத்தையும் வெயிலுக்குச் சாய்த்தாள்.

பதினொரு பேரும் பளபளவென்று இருந்தார்கள். யாரும் தொடாத கறுப்பு.

இரண்டாம் பக்கத்தில் மட்டும், நடுவட்டத்தை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள்.

“குறைக்க வேண்டாம் பாய். ஐந்நூறா வச்சுக்கோங்க.”

வாங்க வந்தவர் விலையை ஏற்றினால் வியாபாரிக்குச் சந்தேகம் வந்துவிடும். எதையோ தெரியாமல் அள்ளிக் கொடுக்கப் போகிறோம் என்று அர்த்தம். சிக்கந்தர் பாய் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“இருங்கம்மா. ஒரு தடவ கேட்டுட்டுத் தர்றேன்.”

பேட்டரியில் ஓடும் பிளேயர். ஊசியை நேராகச் சாம்பலில் வைத்தார்.

முதலில் இரைச்சல்.

பிறகு டிரம்பெட்டுகள், மூன்றோ நான்கோ, கல்யாண வீட்டு வாசல்போல.

பிறகு, சளியோடு, ஒரு பெண்.

ஜீன்ஸைக் குவித்து விற்றவன் கூவலை நடுவில் நிறுத்தினான். புறாக்காரர் திரும்பினார். அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. நாற்பத்தாறு வருடமாக எங்கே போயிருந்தது அந்த முதுகு?

மூன்றாவது வரியில் அந்த இடம் வரும். மூச்சு போதாமல் ஒரு சொல்லைப் பாதியில் விட்டு, அரைத் தாளம் தள்ளி எடுத்த இடம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அப்படிப் பாடியிருக்கிறாள். இந்தத் தட்டில் மட்டும்.

வந்தது.

தட்டு அங்கேதான் ரொம்பத் தேய்ந்திருந்தது. இரைச்சல் எழும்பி அந்தச் சொல்லை விழுங்கிவிட்டது.

பக்கத்திலிருந்து ஒரு குரல் அதைப் பாடி முடித்தது.

பாதியில் விட்டு. அரைத் தாளம் தள்ளி.

அவள் திரும்புவதற்குள் ரெஜினா குனிந்துவிட்டாள். மும்முரமாக மிக்சி மூடி தேடினாள். அந்தக் கடையில் மிக்சி மூடியே கிடையாது.

அண்ணி பார்வையைத் தட்டுக்கே திருப்பிக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்டால் ஜெயித்தது கொஞ்சம் குறைந்துவிடும்.

“நல்லாத்தான் பாடுது. யாரும்மா இது?” என்றார் பாய்.

“எங்க அண்ணி.” ரெஜினா தலை தூக்கவில்லை. “அதுக்காக வெலைய ஏத்துனீங்க, நடக்கிறதே வேற.”

பாட்டு முடிந்து ஊசி வெறுமனே சுற்றியது. அவள் நிமிர்ந்த முதுகோடு நின்று, மனதுக்குள் போட்டுப் பார்த்தாள்.

யாரு கேட்டா என்றது, வருடத்துக்கு மூன்று வீதம், நாற்பத்தாறு வருடத்துக்கு நூற்று முப்பத்தெட்டு தடவை.

அந்த அரைத் தாளத்தை அவ்வளவு சுத்தமாகப் பிடிக்க, எப்படியும் இருநூறு தடவை கேட்டிருக்க வேண்டும்.

கழித்தாள்.

அறுபத்திரண்டு. ரெஜினாவின் பக்கம்.