மூன்றாம் கிளாஸ்

எலாடியோவுக்கு மோன்ச்சோ தர வேண்டியது ஆறாயிரத்து இருநூற்று நாற்பது யூரோ. ஒயின் நொதிக்க வைக்கும் மூன்று ஸ்டீல் தொட்டி வாங்கிய பாக்கி. ஏழு வருடமாக இன்று, நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தான்.

அவன் இப்போது வெளியே மழையில் நிற்பதை ஒயின் ருசி பார்க்கும் கூடத்து ஜன்னல் வழியாக எலாடியோ பார்த்தார். தொப்பியைக் கையில் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தான்.

"முடிவு தெரியாம நகர மாட்டான் போல," என்றாள் ஒயினுக்குத் தரம் சொல்லும் ஐவர் குழுவில் உடன் இருந்த கார்மெ.

மேசையில் ஐந்து கிளாஸ் அல்பரீன்யோ வெள்ளை ஒயின். புட்டிகளைக் கறுப்புத் துணியால் சுற்றியிருந்தார்கள். எண் உண்டு, பெயர் கிடையாது. இங்கே தேறாத ஒயினுக்கு முத்திரை இல்லை. சாராயம் காய்ச்சுகிறவனுக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியதுதான்.

மூன்றாவதை எலாடியோ வாயில் வைத்தார். ஈரக் கல், எலுமிச்சைத் தோல், நாக்கின் ஓரத்தில் உப்பு. கடல் ஏறும்போது அலை தெறிக்கிற தோட்டம் இந்தக் கரையில் ஒன்றுதான். மோன்ச்சோவின் தோட்டம்.

துப்பிவிட்டு இன்னொரு வாய் எடுத்தார். மோன்ச்சோ ஒரு நாளும் இவ்வளவு சுத்தமாகப் பிழிந்ததில்லை.

"புளிப்பு கொஞ்சம் தூக்கல்தான்," என்றாள் கார்மெ. "ஆனா சரக்கு உள்ள இருக்கு. வண்டலோட ஒரு வருஷம் நிலவறையில கெடந்தா எங்கயோ போயிடும்."

"வினிகராப் போகும்."

"யோவ், மனசாட்சியத் தொட்டுச் சொல்லு. இந்தக் கறாருக்குத்தான் உன் மக ரெண்டு வருஷமா வீட்டுப் பக்கமே வரல."

"என் வீட்டுக் கதை உனக்கெதுக்கு? நாக்கு சொல்றத எழுது."

இரண்டு பேர் தேறியது என்றார்கள், இரண்டு பேர் தேறவில்லை என்றார்கள். மிச்சம் எலாடியோ. எல்லாரும் அவர் பேனாவையே பார்த்தார்கள்.

நல்ல ஒயின் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஏழு வருடம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது. பணம் போனால் போகட்டும், அவன் அழுவதைப் பார்க்க வேண்டும். 'தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் தாளை உறையில் போட்டு ஒட்டினார். இனி யாராலும் மாற்ற முடியாது.

வெளியே வந்ததும் மோன்ச்சோ ஓடி வந்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் தடித்த கவர் ஒன்றைக் கையில் திணித்தான்.

"ஆறாயிரத்து இருநூத்தி நாப்பது. எண்ணிக்கங்கண்ணே. இத்தோட நம்ம கணக்கு தீந்துச்சு."

"ஏதுடா உனக்கு இவ்வளவு பணம்?"

"இந்த வருஷம் நான் பிழியவே இல்லண்ணே. திராட்சைய அப்படியே கொடியோட வித்துட்டேன்."

நோட்டை எண்ணிக்கொண்டிருந்த விரல் நின்றது. "யாருக்கு?"

"நம்ம உஷியாவுக்குத்தான். இருந்ததெல்லாம் அடகு வெச்சுட்டா. 'எங்கப்பா யார் ஒயின்னு தெரியாம குடிச்சுட்டு நல்லாருக்குன்னு சொல்லணும், அது போதும்'னா." மோன்ச்சோ ஆசையாக அவர் முகத்தைப் பார்த்தான்.

"உங்க மகளோட மொத ஒயின் எப்படிண்ணே இருந்துச்சு?"