விரிய மறுத்த மொட்டு

அந்திமந்தாரைச் செடியில் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கள் விரியத் தொடங்கின. ஒரு வெள்ளை மொட்டு மட்டும் இறுக மூடிக்கொண்டது.

"பொழுது சாயுதே, நீ விரியலையா?" என்று பக்கத்து மஞ்சள் பூ கேட்டது.

"மாட்டேன். காலையில செம்பருத்தி விரிஞ்சதுமே பறிச்சிட்டாங்க. நீயும்தானே பார்த்தே?"

"பார்த்தேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அந்துப்பூச்சி வந்து தேடுமே."

"தேடட்டும். மூடியிருந்தா நான் யார் கண்ணுலயும் பட மாட்டேன்."

செடிமேல் படர்ந்திருந்த மல்லிகைக் கொடி அசைந்தது. மங்கிய வெளிச்சத்தில் ஒரு கை உள்ளே துழாவியது.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அஞ்சலை, மல்லி கட்டணும். விரிஞ்சதை விட்டுடு, மூடின வெள்ளை மொட்டாப் பார்த்துப் பறி."

விரல்கள் மஞ்சள் பூவைத் தடவிப் பார்த்து விலகின.

வெள்ளை மொட்டு அவசர அவசரமாக விரியப் பார்த்தது.