தளும்பிய கிண்ணம்

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்து டாக்சி ஆபீஸ் ஒன்றில் போன் எடுக்க ஆள் தேவை. வந்து உட்கார்ந்தவன் பெயர் மிர்லான். பிறவியிலேயே பார்வை கிடையாது. இது அவனுக்கு ஏழாவது இன்டர்வியூ.

சான்றிதழை நீட்டினான். முதலாளி ஒரோஸாலி அதைத் தொடக்கூட இல்லை.

"சூரா, அதுல என்னதான் எழுதியிருக்கு? வாசி."

கிளார்க் சூரா வாசித்தாள். உள்ளுக்குள் திட்டிக்கொண்டே வாசித்தாள். சொந்தக் காருக்கே டிரைவர் வைத்துக்கொண்டதிலிருந்து இந்த மனுஷனுக்குத் திமிர் கூடிவிட்டது.

"பஜார்லேர்ந்து ஸ்டேஷன் போகணும். பாலத்தை அடைச்சிட்டான். எப்படிப் போவே?"

"மேட்டுத் தெருவுல ஏறி ஆஸ்பத்திரிக்குப் பின்னால இறங்கணும் அண்ணே. பள்ளிக்கூடம் விடற நேரம்னா அதுவும் ஆகாது, சுத்தித்தான் போகணும். நடந்தே பழகின ஊரு."

"சம்பளம்?"

"மத்தவங்களுக்கு என்னவோ, அது."

"கண்ணு தெரியாதவன் பேரம் பேசறதைப் பாரு."

"வாயாலதானே அண்ணே பேரம் பேசறாங்க."

ஒரோஸாலி சிரிக்கவில்லை. கெட்டிலைத் தூக்கி, தன் கையாலேயே தேநீர் ஊற்றினார்.

சூராவுக்குப் பகீரென்றது. கிண்ணம் நிறைந்து மேஜையில் வழிந்தது. அந்த ஊர் வழக்கப்படி, இருக்கச் சொல்ல வேண்டிய விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான். முழுசாக ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். குருடனுக்கு எங்கே தெரியப்போகிறது என்கிற தைரியம்!

மிர்லான் கிண்ணத்தின் உள்விளிம்பில் ஒரு விரலை வைத்தான். சுட்டது. எழுந்துவிட்டான்.

"வாயால சொல்லியிருக்கலாம் அண்ணே. முன்னால ஆறு பேர் அப்படித்தான் சொன்னாங்க."

"என்னத்தைச் சொன்னாங்க? உட்காரு."

"முழுக் கிண்ணம் ஊத்திட்டு உட்காரச் சொல்றீங்களே."

ஒரோஸாலியின் கை மேஜையைத் தடவிக்கொண்டு போனது. ஈரத்தில் பட்டதும் நின்றது.

"சூரா, நீ வெளிய போ. கதவைச் சாத்திட்டுப் போ."

கதவு சாத்திய பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது.

"திங்கக்கிழமை வேலைக்கு வா. எல்லாருக்கும் உள்ள சம்பளம்தான்."

"அப்ப இந்தக் கிண்ணம்?"

"சர்க்கரை வியாதி என் கண்ணைத் தின்னுக்கிட்டு வருது தம்பி. வெளிய யாருக்கும் தெரியாது. விரலை எந்த இடத்துல வச்சே? எனக்கும் காட்டு."