இரண்டாம் பக்கம்

எனக்குப் பயமாக இருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. மாடிப்படி இருட்டில் உட்கார்ந்து கீழே பார்க்கிறேன். காலையில் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். சமையலறையில் மஞ்சள் விளக்கு எரிகிறது, ஜன்னல் கண்ணாடியில் ஷெஃபீல்டு நகரத்து மழை வழிகிறது. மேசை முழுக்க இசைத்தட்டுகள். உலகத்திலேயே சிறந்த ராக் ஆல்பம் எது என்று அப்பாவும் அவருடைய சிநேகிதர் லயனலும் வழக்கம்போலச் சண்டை போடுகிறார்கள். "ஒரு பாட்டைக்கூடத் தாண்டத் தோணக் கூடாதுடா, அதான் ஆல்பம்," என்கிறார் லயனல். அப்பாவின் பதில் எனக்கு மனப்பாடம்: தட்டைத் திருப்பிப் போட நாற்காலியை விட்டு எழுந்தவனுக்கு, இரண்டாம் பக்கம் முதல் பக்கத்தைவிட நன்றாக இருந்தாக வேண்டும். அதற்காகக் காத்திருக்கிறேன். அப்பா ஓர் உறையின் கிழிந்த ஓரத்தை விரலால் தடவுகிறார். "நீ சொல்றதுதான் சரி, லயனல்."

அப்பா ஒரு தடவைகூட ஒத்துக்கொண்டதில்லை. லயனல் கோப்பையைக் கீழே வைக்கும்போது தேநீர் சிந்துகிறது. "அப்படியெல்லாம் விட்டுட்டுப் போக முடியாதுடா," என்கிறார். "உன் ஆல்பத்துல ஒருத்தன் டிரம் அடிக்கிறானே, அது டிரம்மா, தகர டப்பாவா?" அந்த டிரம்மைக் கேட்டு லயனல் மனசு உருகி அழுததை நானே பார்த்திருக்கிறேன். அப்பாவின் காது மடல் மெல்லச் சிவக்கிறது. நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போடுகிறார். "முதல்ல வாயைக் கழுவுடா. ரெண்டாம் பக்கத்தை முழுசாக் கேட்டிருக்கியா நீ? நாளன்னிக்கு வார்டுக்கு வா, அங்க வெச்சு உன்னைக் கவனிச்சுக்கிறேன்."